மறைப் படிப்பு

பரமலிங்கம் பயந்தவர் என்று சொன்னால் அது பயத்தைக் குறைத்துச் சொல்வதாகும். குண்டு போடும் கிபிர் விமானத்தின் இரைச்சல் தூரத்தில் எழும்பினால் வவுனிக்குளத்தில் மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பரமலிங்கம் அதற்குள் பங்கருக்குள் இருப்பார். அவர் பாய்ந்து விழுந்து, காதுக்குள் விரல் வைத்து, முருகனைப் பாதி கூப்பிட்ட பிறகுதான் அவருடைய நிழல் வந்து சேரும் என்று ஊரில் ஒரு கதை. அது கொஞ்சம் கூடுதல். நிழல் கூடவேதான் வந்தது. செருப்புத்தான் பிந்தி வந்தது.

கண்டாவளையில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். சனம் இடம்பெயர்ந்தபோது கடைத் தராசையும் தோளில் சுமந்துகொண்டு வவுனிக்குளத்துக்கு வந்து, ஓலைக் கொட்டில் ஒன்றில் அதே உத்தியோகத்தைத் தொடர்ந்தார். மகன் சதீஸ் ஜேர்மனியில். "இந்த ஆவணிக்குள்ள வெளிக்கிட்டு அவனிட்டப் போயிட வேணும்" என்று ஒவ்வொரு பங்குனியிலும் மனைவி சிவனேஸ்வரியிடம் சொல்லுவார். ஆவணிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் போகவில்லை. இருப்பதற்கும் பயம், போவதற்கும் பயம்.

2001ஆம் ஆண்டுச் சித்திரையில் வெய்யில் குளத்தைக் குடித்துவிட, முதலைகள் நிழல் தேடிக் கரையேறின. அதிலொன்று நிவாரண மாவுக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றதென்றும், கூப்பன் மட்டை இல்லையென்று பரமலிங்கம் அதைத் திருப்பி அனுப்பினாரென்றும் சொல்லுவார்கள். பார்த்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் இப்போது கனடாவில். சந்தேகப்படுகிறவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம். முதலைக்குப் பயப்படாத மனிதரா அவர்? பயந்தார்தான். கூப்பன் இல்லாமல் மாக் கொடுத்தால் மேலிடம் கேட்குமே என்ற பயம் முதலையைவிடப் பெரிது, அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம், தாட்சாயினி சைக்கிளைக் கடைவாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். சைக்கிள் விழுந்த சத்தத்தில் பரமலிங்கம் மேசைக்குக் கீழே போயிருந்தார்.

"மாமா, எங்க நிக்கிறியள்? எனக்குப் புலமைப்பரிசில் கிடைச்சிருக்கு!"

தாட்சாயினி அவருடைய தங்கையின் மகள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, சிவனேஸ்வரியின் கையில் வளர்ந்தவள். பேராதனையில் கணிதம் படித்துப் பட்டம் எடுத்து, மாமிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவள், சண்டையில் பாதை பூட்டியதில் அகப்பட்டு, பள்ளிக்கூடத்தில் சும்மா படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

மாச்சாக்குகளுக்கு நடுவே இருந்த சிவனேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "அதென்னடி பேந்தும்? அஞ்சாம் வகுப்பிலயே பாஸ் பண்ணினனீ எல்லே. இந்த வயசில என்னத்துக்குத் திரும்ப எழுதினனீ?"

"ஐயோ மாமி, அது சின்னப்பிள்ளையளின்ர. இது சுவீடன் யூனிவர்சிற்றி ஒண்டு தாறது. முதுமாணி படிக்க. பேராதனையில இருக்கேக்க விண்ணப்பம் போட்டனான். என்ர சேர் வவுனியாவால வந்த நேர்ஸ் அக்காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார். படிப்பு, சாப்பாடு, பிளேன் ரிக்கற் எல்லாம் அவையின்ர பொறுப்பு. வைகாசி முடிய முன்னம் கொழும்பில நேர்முகத்துக்கு நிக்க வேணும். போகாட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்திடுவினம்."

பரமலிங்கம் மேசைக்குக் கீழிருந்து தலையை மட்டும் நீட்டினார். "நல்ல காரியம் பிள்ளை. என்ன படிப்பு?"

"தகவல் பாதுகாப்பு."

தலை திரும்பவும் உள்ளே போயிற்று.

கொழும்பில் இருப்பவர்களுக்குத் தகவல் என்பது வெறுந்தகவல். பஸ் எத்தனை மணிக்கு, சந்தையில் வெங்காயம் என்ன விலை, அவ்வளவுதான். வன்னியில் அந்தச் சொல்லுக்குக் கால் முளைத்திருந்தது. 'அவன் தகவல் குடுத்தவன்' என்றால் அந்த அவனை அதற்குப் பிறகு ஒருவரும் தேடுவதில்லை. அவனுடைய சைக்கிளைக்கூட ஒருவரும் எடுப்பதில்லை, அது வேலியோடு நின்று கறள் பிடிக்கும். அந்தச் சொல்லைப் பரமலிங்கம் சொந்த வீட்டில்கூட வாயால் எடுத்ததில்லை. செத்த வீட்டுத் தகவல் சொல்லப் போனால்கூட 'ஒரு சங்கதி' என்றுதான் சொல்லுவார்.

"மெல்லமாச் சொல்லு பிள்ளை. அதில என்னத்தைப் படிப்பிப்பினம்?"

"ரெண்டு பேர் தூர இருந்து கதைக்கினம் எண்டு வையுங்கோ. நடுவில நிண்டு ஒருத்தன் ஒட்டுக் கேக்கிறான். அவனுக்கு ஒண்டும் விளங்கப்படாது. அதுக்குக் கதையைப் பூட்டி அனுப்ப வேணும். ஆரும் பூட்டலாம், ஆனா திறக்கிற சாவி ஒராளிட்ட மட்டும்தான். அதைக் கணக்காலயே செய்யலாம் மாமா. வங்கியள், ஆசுப்பத்திரியள் எல்லாம் இனி இதை நம்பித்தான் இருக்கப்போகுது. மறையீடு எண்டு சொல்லுறது."

அவள் முகம் குப்பி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டதுபோல் ஆகியிருந்தது. பரமலிங்கத்தின் முகம் அணைந்துவிட்டது. இரண்டு பேர் கதைப்பதும் நடுவில் ஒருவன் ஒட்டுக் கேட்பதும்! இந்தப் பக்கம் இயக்கமும் அந்தப் பக்கம் ஆமியும் இரவுபகலாக வோக்கி றேடியோவை வைத்துக்கொண்டு செய்துகொண்டிருப்பது வேறென்ன? இதைத் தெரிந்துவைத்திருந்தால் பிடித்து உள்ளே போடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. பிடித்துப்போடாமல் பிரியமாக வைத்துக்கொண்டால்?

றேடியோ திருத்துகிற ராஜரத்தினத்துக்கு அதுதான் நடந்தது. "அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று மரியாதையாகக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர் நல்ல சுகமாம். நேரத்துக்குச் சாப்பாடாம், கொஞ்சம் கொழுத்தும் விட்டாராம். வீட்டுக்கு வரத்தான் நேரமில்லை. பெண்சாதி இரஞ்சிதம் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருடைய வேட்டியைத் தோய்த்துக் காயப்போட்டு மடித்து வைக்கிறாள்.

"பிள்ளை," என்றார் மேசைக்குக் கீழிருந்து, "நீ போறதெண்டா பாஸ் எடுக்க வேணும். பாஸ் எடுக்கிறதெண்டா பிணை நிக்க ஆள் வேணும்."

"ஓம் மாமா. அதுதான் உங்களிட்ட வந்தனான்."

இயக்கத்தின் பாஸ் எடுத்து வன்னியை விட்டு வெளியே போகிறவர் திரும்பி வருவார் என்று உள்ளே ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். வராவிட்டால் பொறுப்பு நின்றவரைக் கேட்பார்கள். என்ன கேட்பார்கள், எவ்வளவு நாள் கேட்பார்கள் என்பதெல்லாம் கேட்கிறவர்களின் விருப்பம். அவளுக்கோ வேறு ஆளில்லை.

"நிப்பார்," என்றாள் சிவனேஸ்வரி. "மேசைக்குக் கீழ இருந்தும் பிணை நிக்கலாம்தானே."

போகும் வழி முழுவதும் பரமலிங்கம் பாடம் சொல்லிக்கொடுத்தார். தாட்சாயினி ஒரு சைக்கிள், அவர் ஒரு சைக்கிள். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு கடந்தபோது அவர் பேச்சை நிறுத்தி, அது புள்ளியாகும்வரை பார்த்திருந்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நீ வாய் திறக்கப்படாது. நான் கதைப்பன். கேட்டா கணக்குப் படிப்பு. வெறுங்கணக்கு. அந்தச் சொல்லு வாயில வரவே கூடாது."

"எந்தச் சொல்லு?"

"என்னைச் சொல்ல வைக்கப் பாக்கிறியோ?"

"பொய் சொல்லித்தான் போக வேணுமோ மாமா?"

"கணக்கு எப்பிடிப் பொய்யாகும்? பாதியைச் சொல்லுறம். மிச்சத்தை நீ சொன்ன மாதிரிப் பூட்டி வைக்கிறம்."

துணுக்காய் றோட்டில் ஒரு பழைய நெல்லுக் களஞ்சியத்தில் பாஸ் கந்தோர் இருந்தது. வாசல் மரத்தடியில் சனம் நிறைந்திருந்தது. டொக்டருக்குக் கண் காட்டப் போகிறவர்கள், பேரப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள், ஒன்றும் சொல்லாமல் அழுகிறவர்கள். வரிசை நகர நகரப் பரமலிங்கத்தின் முழங்கால்கள் தம் பாட்டில் கதைக்கத் தொடங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டு முன்னால் நின்ற கிழவி, யாரோ கடலை வறுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாளாம்.

மேசையில் இருந்தவன் இளம் ஆள். மெலிந்த முகம், நேராகச் சீவிய தலை. அவன் குரலில் மன்னார்ப் பக்கத்து இழுவை இருந்தது.

"ஆர் போறது ஐயா?"

"என்ர மருமகள், தம்பி. படிக்க. வெளிநாட்டுக்கு. நான் பிணை."

"என்ன படிப்பு?"

"கணக்கு."

"கணக்குப் படிக்க வெளிநாடோ? ஏன், எங்கட கணக்குப் பிழையோ?"

அவன் பகிடிக்குத்தான் கேட்டான். பரமலிங்கத்துக்குப் பகிடி விளங்குகிற நிலை தாண்டியிருந்தது. 'எங்கட கணக்கு' என்ற சொல்லுக்குள் எத்தனை கணக்கு என்று அவர் மனம் ஓடியது. நெற்றியில் மூன்று குறியாகப் பூசியிருந்த திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கு வழியாக வடிந்தது.

"இல்லைத் தம்பி, பிழையில்லை! திறமான கணக்கு! இது வேற... இது வந்து..." சொல்லக்கூடாத சொல் நாக்கு நுனிவரை வந்து எட்டிப் பார்த்தது. அதை விழுங்கிவிட்டு வேறொரு சொல்லைத் தேடினார். மருமகள் சொன்னவற்றில் ஒரு துண்டுதான் கையில் அகப்பட்டது. "மறை... மறைப் படிப்பு."

மேசைக்காரன் பேனையை வைத்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தான். "மறைக்கல்வியோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே ஐயா. நீங்கள் வேதமோ?"

பரமலிங்கம் அவனைப் பார்த்தார். வன்னியில் வேதக்காரர் என்றால் மாதாவைக் கும்பிடுகிறவர்கள். மறைக்கல்வி என்றால் கோயிலில் ஞாயிறு தோறும் பாதிரியார் சொல்லிக்கொடுப்பது. நான்மறை தெரியும், கணக்கில் மறை எண் தெரியும், இந்த மறையை அவர் யோசிக்கவில்லை. வடிந்த திருநீறை அவசரமாகத் துடைத்தார்.

"நாங்கள் சைவம் தம்பி. பிள்ளை மட்டும்தான் மாறினவள்."

தாட்சாயினி வாயைத் திறந்தாள். அவர் அவளுடைய காலை மிதித்தார்.

"சிஸ்டராப் போறாவோ?" மேசைக்காரன் எழும்பியே விட்டான். "என்ர பெரியக்காவும் சிஸ்டர்தான். எந்த மடம் அக்கா? எந்தச் சபை?" பிறகு அவளுடைய நெற்றியைப் பார்த்தான். "பொட்டு வச்சிருக்கிறியள்?"

"இனித்தான் அழிக்கிறது தம்பி," என்றார் பரமலிங்கம்.

வரிசையில் நின்ற சனம் தாட்சாயினியை ஏற இறங்கப் பார்த்தது. ஒரு மனிசி, "பாவம், என்ன குறையோ" என்று பெருமூச்சு விட்டாள்.

"எனக்கும் ஆசையாக் கிடக்கு," என்றான் மேசைக்காரன். அவன் குரல் இப்போது வேறாக இருந்தது. சந்தேகம் வந்துவிட்டதா, அக்காவின் நினைவு வந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "மாதாவின்ர அருள் நிறைந்த மந்திரத்தை ஒருக்காச் சொல்லுங்கோ அக்கா. கேப்பம்."

பரமலிங்கத்துக்கு மூச்சு வெளியே போயிற்று, திரும்பி வரவில்லை. மருமகளுக்குத் தெரிந்த மந்திரம் சரஸ்வதி பூசையில் சொல்வது ஒன்றுதான். அதில் மாதா இல்லை.

தாட்சாயினி மாமாவைப் பார்த்தாள். அவருடைய கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, மேசையும் சேர்ந்து ஆடியது. இந்தப் பொய் இன்றைக்குப் பிடிபட்டால் இரண்டு பேர். கொழும்புக்குப் போன பிறகு பிடிபட்டால் மாட்டுவது அவர் ஒருவர். அதை அவள் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

"எனக்கு மந்திரம் தெரியாது," என்றாள். "நான் மாறேல்ல. மாமா பயத்தில சொல்லிப்போட்டார். நான் படிக்கப் போறது தகவல் பாதுகாப்பு."

சொல் விழுந்தது. சுவரில் பூச்சிக்கு ஓடிய பல்லி பாதி வழியில் நின்றது. பூச்சியும் நின்றது. வரிசை ஓசைப்படாமல் பின்னுக்குப் போய், வாசலுக்கு வெளியே மரத்தடியில் திரும்பவும் வரிசையாயிற்று. மேசைக்காரனுடைய முகத்திலிருந்த அக்காவின் தம்பி எழும்பிப் போய்விட்டான். மிச்சம் இருந்தவன் கதிரையைப் பின்னே தள்ளி உள் அறைக்குள் போனான்.

"பிள்ளை," என்றார் பரமலிங்கம் காற்றாக, "ஓடுவமோ?"

"எங்க மாமா ஓடுறது?"

அது நல்ல கேள்வி. அவர் நான்கு திசையையும் யோசித்துப் பார்த்தார். ஒரு திசையிலும் இடமிருக்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். அறையில் ஒரு மேசை, பாதி சாத்திய ஒரு யன்னல், நடுத்தர வயதுப் பொறுப்பாளர் ஒருவர். அவர் சத்தம் போட்டிருந்தால் பரமலிங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சிரித்தார். கதிரையைக் காட்டினார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். ராஜரத்தினத்தையும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

"கதையைப் பூட்டுற படிப்போ, தங்கச்சி?"

"ஓம்."

"பூட்டத் தெரிஞ்ச ஆளுக்கு உடைக்கவும் தெரியுமெல்லோ?"

"படிச்சாத் தெரிய வரும்."

"அப்ப ஏன் அவ்வளவு தூரம்? இதை இஞ்ச இருந்தே செய்யலாமே. சாமான் இருக்கு, ஆக்கள் இருக்கினம். நல்ல மரியாதையா இருக்கலாம்."

யன்னலுக்கு வெளியே ஒரு மைனா கத்தியது. பரமலிங்கத்துக்கு அது இரஞ்சிதம் வேட்டியை உதறுகிற சத்தமாகக் கேட்டது.

"எனக்கு இப்ப தெரிஞ்சது அரிச்சுவடி, அண்ணை," என்றாள் தாட்சாயினி. "அரிச்சுவடி தெரிஞ்ச ஆள் பூட்டினா முதல் நாளே உடைச்சுப் போடுவாங்கள். உங்களுக்குத்தான் நட்டம். முழுக்கப் படிச்ச ஆள் எண்டாத்தான் பிரயோசனம்."

"படிச்சிட்டு வருவியளோ?"

"புலமைப்பரிசில் சட்டமே அதுதான். முடிச்சுப்போட்டுச் சொந்த இடத்துக்குத் திரும்ப வேணும்."

"அதுக்கு அவையள் ஆரைப் பிணை கேட்டவை?"

"ஒருத்தரையும் கேக்கேல்ல. நம்பித் தருவினம்."

பொறுப்பாளர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு பரமலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "நாங்கள் அப்பிடியில்லை ஐயா. பிள்ளையை விடுறம். ஆனா ஒரு மாசப் பாஸ் மாதிரியில்லை. பிள்ளை படிச்சு முடிச்சு வந்து இந்த வாசலில நிக்கும் மட்டும் நீங்கள் பொறுப்பு. மாசத்துக்கு ஒருக்கா வந்து ஒப்பம் வைக்க வேணும். அது வரைக்கும் வன்னியை விட்டு அங்கால அசையேலாது, ஆசுப்பத்திரி எண்டாலும், வெளிநாட்டில இருந்து மகன் கூப்பிட்டாலும். சம்மதமோ?"

ஜேர்மனியில் சதீஸ் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் அவருக்கென்று ஒரு அறை இருந்தது. அதன் யன்னலால் பார்த்தால் பனி தெரியும், விமானம் ஏறி இறங்குவது தெரியும், அதிலிருந்து ஒன்றும் விழாது. 'இல்லை' என்று சொல்ல அவர் முழு மனதாகத் தீர்மானித்தார். ஆனால் இல்லை என்பது மூன்று எழுத்து. அதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிய வேண்டும். பயத்தில் காய்ந்த நாக்கு ஒட்டிக்கொண்டது, பிரிய மாட்டேன் என்றது. ஓம் இரண்டே எழுத்து. நாக்கே வேண்டாம். வாயைத் திறந்து மூடினால் போதும்.

"ஓம்," என்றார் பரமலிங்கம்.

வன்னியில் பயத்தினால் ஒருவர் செய்த மிகப்பெரிய துணிச்சல் அதுவென்று பிறகு கதைத்தார்கள். அவருக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. கையில் பேனையைத் தந்தார்கள். ஒப்பம் வைத்தார். அது மழைக்குள் ஓடிய மட்டத்தேள்போல் இருந்தது.

தாட்சாயினி வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏன் மாமா ஓம் சொன்னனீங்கள்? சதீஸ் மச்சானிட்ட எப்பிடிப் போவியள்?"

"ஆவணிக்குப் பாப்பம்," என்றார் அவர்.

அவள் போன நாளில் பரமலிங்கம் கடையைப் பூட்டவில்லை. திறக்கவும் இல்லை, கதவைப் பிடித்தபடி நின்றார். அந்தப் பக்கத்தில் ஆமியும் கேட்கும்: என்ன படிப்பு? அங்கே இவள் பொய் சொல்லுவாளா, உண்மை சொல்லுவாளா? எது கூடுதல் ஆபத்து? ஒன்றும் தெரியாமல் நாட்கள் போயின. வைகாசி முடிந்து கொஞ்சநாளில் அதே நேர்ஸ் பெண் மல்லாவி ஆசுப்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது சொன்னாள்: வவுனியா முகாமில் தாட்சாயினியை நெடுநேரம் வைத்திருந்து கேட்டார்களாம். அவள் அங்கேயும் உள்ளதைத்தான் சொன்னாளாம். அங்கேயும் ஒரு பெரியவர் வந்து தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாராம், இதை இங்கிருந்தே செய்யலாமே என்றும் கேட்டாராம். பேராதனைச் சேர் வந்து கூட்டிக்கொண்டு போகாவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. நேர்முகத்தில் நின்றாளாம். பிறகு ஆவணியில் பிளேனும் ஏறிவிட்டாள்.

பரமலிங்கம் மாதம் தவறாமல் ஒப்பம் வைக்கப் போனார். பொறுப்பாளர் சிரித்த முகத்தோடு கேட்பார்: "பிள்ளை எப்பிடி? நல்லாப் படிக்கிறாவோ?"

"திறமாப் படிக்கிறா தம்பி."

"வருவாதானே?"

"வராமல்? கட்டாயம் வருவா."

உரத்துச் சொல்லிவிட்டு, திரும்பி வரும் வழியில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குள் போவார். ஒருநாள் சிவனேஸ்வரியும் கூட வந்திருந்தாள். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். அவளுக்கு முதலில் முடிந்தது.

"என்ன கேட்டனீங்கள்?"

"பிள்ளை படிச்சு முடிச்சுச் சுகமா இஞ்ச வந்து சேர வேணுமெண்டு."

"என்னட்டயுமோ பொய்?" என்றாள் சிவனேஸ்வரி. "நான் அவள் இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கப்படாதெண்டு கேட்டனான். நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பியள். அவள் வராட்டி உங்களைக் கொண்டு போவினமே எண்டும் நினைச்சனான். நினைச்சுப்போட்டும் அதைத்தான் கேட்டனான். கோவிக்காதேங்கோ."

பரமலிங்கம் அவளுடைய வாயைப் பொத்தினார். பின்னால் ஏதோ அசைந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். மாலை தின்ன வந்த ஆடு ஒன்று நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வெறும் ஆடுதான். என்றாலும் அது மென்று முடித்துப் படலையைத் தாண்டிப் போகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. பிறகு சிவனேஸ்வரியின் காதுக்குள், தனக்கே கேளாத குரலில், சொன்னார்:

"ஓம். நானும் அதைத்தான் கேட்டனான்."